நூறு கேள்விகளுக்கு நடுவே ஒரு பாவலர்



இந்தத் தடவை சந்திப்புக்கு எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும் என்று சங்கத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். நல்ல முடிவு. ஆனால் நாம் பாட்டுக்கு மரத்தடியில் நின்று பழங்கதை பேசிக்கொண்டிருந்தால், கூட வந்த வீட்டுக்காரர்களும் பிள்ளைகளும் பெரியவர்களும் என்ன செய்வார்கள்? போட்டோ எடுக்கிற வரைக்கும் பொறுமையாக இருப்பார்கள். அப்புறம் எப்போ கிளம்பலாம் என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் கேள்வி விளையாட்டு வைப்பதென்றும், அதை நான் நடத்துவதென்றும் தீர்மானித்துவிட்டார்கள். காலேஜில் வினாடி வினா என்றாலே மைக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டானே, அவனையே கூப்பிடுங்கள் என்று யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். போதாதென்று மலருக்கு ஒரு கட்டுரையும் கேட்டார்கள்.

சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோது என் பழைய வினாடி வினாப் பிரதாபங்களை எழுதக் கை வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது, கேள்வி கேட்பதும் பதில் சொல்வதும் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குப் புரிய வைத்த ஒரு பெரியவரின் கதையைச் சொல்கிறேன். அவர் பெயர் சதாவதானி செய்குத்தம்பி பாவலர்.

நாம் தாண்டிப் போன கட்டடம்

ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறி, மூர்மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால், ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் செங்கல் நிறத்தில் ஒரு பழைய கட்டடம் நிற்கும். விக்டோரியா பப்ளிக் ஹால். படிக்கிற காலத்தில் நாம் எத்தனை தடவை அதைத் தாண்டிப் போயிருப்போம்! ஒரு தடவையாவது நின்று பார்த்தோமா என்றால் கிடையாது.

அந்த மண்டபத்தில்தான் 1907ஆம் வருஷம் மார்ச் 10ஆம் தேதி ஒரு கேள்வி விளையாட்டு நடந்தது. விளையாட்டு என்று நான் சொல்வது ஒரு வசதிக்காகத்தான். அன்றைக்குப் பக்கத்தில் ரிப்பன் மாளிகைகூடக் கிடையாது. அது திறக்கப்பட்டது 1913இல். மண்டபத்துக்குள்ளே படித்தவர்கள், புலவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று ஒரு கூட்டம். நடுவில் முப்பத்திரண்டு வயது முஸ்லிம் இளைஞர் ஒருவர். அவரை நோக்கிக் கேள்விகள். அன்றைக்கு அவர் செய்து காட்டியதன் பெயர் சதாவதானம். அதற்கப்புறம் அவருடைய பெயருக்கு முன்னால் சதாவதானி என்ற பட்டம் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது.

அவதானம் என்றால் என்ன?

தம்பி தங்கைகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அவதானம் என்றால் கவனம். பிற்காலத்தில் கவனகம் என்றும் சொன்னார்கள். சபையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சுற்றியிருப்பவர்கள் ஒவ்வொருவரும் அவருக்கு ஒரு வேலை கொடுப்பார்கள். ஒருவர் வெண்பாவின் கடைசி அடியை மட்டும் கொடுத்து, மேலே உள்ள அடிகளைப் பாடச் சொல்வார். ஒருவர் பெரிய பெருக்கல் கணக்கு கொடுப்பார். ஒருவர் ஏதோ ஒரு வருஷம், மாதம், தேதியைச் சொல்லி அது என்ன கிழமை என்று கேட்பார். இன்னொருவர் ஒரு வாக்கியத்தின் எழுத்துகளை முன்பின்னாகப் பிய்த்து, ஏழாவது எழுத்து இது, மூன்றாவது எழுத்து இது என்று இடையிடையே சொல்லிக்கொண்டே இருப்பார். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு முழு வாக்கியத்தையும் சொல்ல வேண்டும்.

இதற்கு நடுவிலே ஓர் ஆள் பின்னால் நின்றுகொண்டு அவர் முதுகில் சிறு கற்களையோ நெல்மணிகளையோ போடுவார். இன்னொருவர் நினைத்த நேரத்தில் மணி அடிப்பார். மொத்தம் எத்தனை கல் விழுந்தது, எத்தனை தடவை மணி அடித்தது என்று முடிவில் சொல்ல வேண்டும். வாய் கடவுள் பெயரை உச்சரித்துக்கொண்டே இருக்கும். கை ஒரு சங்கிலியின் பின்னலைக் கழற்றிக்கொண்டிருக்கும்.

இப்படி எட்டு வேலைகளை ஒரே சமயத்தில் கவனித்தால் அட்டாவதானம். பத்து என்றால் தசாவதானம். பதினாறு என்றால் சோடசாவதானம். நூறு என்றால் சதாவதானம். நம் ஏரியாக்காரர்கள் ஒரு விஷயத்துக்குக் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம். பூந்தமல்லியிலே ஒரு பெரும் புலவர் இருந்தார். ஊர்ப் பெயரைச் சுருக்கி, பட்டத்தையும் சேர்த்து, அட்டாவதானம் பூவை கலியாணசுந்தர முதலியார் என்றுதான் தமிழ் உலகம் அவரைச் சொல்லும். ஆக இந்தக் கலை நம் பஸ் ரூட்டிலேயே இருந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.

இடலாக்குடிப் பையன்

செய்குத்தம்பி 1874 ஜூலை 31ஆம் தேதி நாகர்கோவிலை ஒட்டிய இடலாக்குடியில் பிறந்தார். கோட்டாறு பக்கம் போனவர்களுக்கு இடம் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் அந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956இல்தான். அதனால் பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது மலையாளம். பள்ளிப் படிப்பும் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. வீட்டில் வசதி இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பின்னாளில் தமிழில் யார் எதைக் கேட்டாலும் பதில் சொன்ன மனிதர், பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவர் அல்லர். பள்ளிக்கு வெளியே, சங்கரநாராயண அண்ணாவி என்னும் ஆசிரியரிடம் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கற்றார். ஒரு முஸ்லிம் பையனுக்கு ஒரு சைவப் பெரியவர் உட்கார்ந்து யாப்பும் அணியும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கொடுத்தவரும் யோசிக்கவில்லை, வாங்கிக்கொண்டவரும் யோசிக்கவில்லை. பதினாறு வயதுக்குள்ளேயே அந்தாதி, வெண்பா என்று சரளமாகப் பாடுகிற அளவுக்கு வந்துவிட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

பிறகு சென்னைக்கு வந்தார். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைப் பதிப்பிக்கிற வேலைக்கு, இஸ்லாமும் தெரிந்து தமிழும் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலையில் அமர்ந்தார். அந்தக் காப்பியத்துக்கு உரையும் எழுதினார். சம்சுத்தாசீன் கோவை, கோட்டாற்றுப் பிள்ளைத்தமிழ், நாயக மான்மிய மஞ்சரி என்று அவர் பாடிய நூல்கள் பல. நம்மில் பெரும்பாலோர் இவற்றின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டோம். நானும் அந்தக் கோஷ்டிதான், நாற்பது வயது வரைக்கும்.

வள்ளலார் பக்கம் நின்றவர்

அப்போது தமிழ்நாட்டில் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. வடலூர் இராமலிங்க சுவாமிகளின் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா கூடாதா என்பது சண்டை. வள்ளலார் உயிரோடு இருந்தபோது, ஆறுமுக நாவலர் காலத்திலேயே ஆரம்பித்தது. கோர்ட் வரைக்கும் போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து அறிஞர் நா. கதிரைவேற்பிள்ளை மறுபடியும் எதிர்ப்பக்கம் நின்று பேசினார். அவர் சாமானியப்பட்டவர் அல்லர். திரு.வி.க.வுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர்.

இரண்டு பக்கமும் சைவர்கள் மோதிக்கொண்டிருந்த அந்த மேடையில், வள்ளலார் பாடல்கள் அருட்பாதான் என்று வாதாட வந்தவர்களில் ஒருவர் நம் செய்குத்தம்பி பாவலர். உனக்கென்னப்பா இதில் வேலை என்று சிலர் நினைத்திருப்பார்கள்தான். ஆனால் பாட்டைப் படித்து, பொருள் பார்த்து, ஆதாரம் காட்டிப் பேசுகிறவரிடம் அதைக் கேட்க முடியாது. காஞ்சிபுரத்தில் அவரை யானை மேல் ஏற்றி ஊர்வலமாக அழைத்துப் போய், பூரணகும்ப மரியாதை செய்தார்கள் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஒரு பொருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். வள்ளலார் மறைந்தது 1874 ஜனவரியில். அவருக்காக வாதாடிய பாவலர் பிறந்தது அதே வருஷம் ஜூலையில்.

குதர்க்கமான கேள்விக்கு என்ன பதில்?

இனி அந்தப் பிரபலமான கதைக்கு வருகிறேன். அவதான சபையில் உட்காருகிறவருக்கு நல்ல கேள்வி மட்டும் வராது. மடக்கிப் பார்க்கிற கேள்வியும் வரும். ஒரு சபையில் ஒருவர் பாவலருக்கு வெண்பாவின் ஈற்றடியைக் கொடுத்தாராம். துருக்கனுக்கு இராமன் துணை என்று பொருள் வருகிற மாதிரியான அடி. துருக்கன் என்பது முஸ்லிமைக் குறிக்க அந்தக் காலத்தில் வழங்கிய சொல். கேட்டவர் வேண்டுமென்றே கேட்டாரோ, விளையாட்டாகக் கேட்டாரோ, நமக்குத் தெரியாது. ஆனால் சபையே ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்திருக்கும். பாடினாலும் சங்கடம். பாட மாட்டேன் என்றாலும் சங்கடம்.

பாவலர் கோபப்படவில்லை. மறுக்கவும் இல்லை. இராமனுடைய தம்பிமார்களை வரிசையாக நிறுத்தி மேல் அடிகளைப் பாடிக்கொண்டே வந்தார். ஈற்றடிக்கு முந்தின அடியைச் சத் என்ற இரண்டே எழுத்தில் கொண்டுவந்து முடித்தார். அவ்வளவுதான்! சத்தும் துருக்கனும் சேர்ந்து சத்துருக்கன் ஆகிவிட்டான். தம்பி சத்துருக்கனுக்கு அண்ணன் இராமன் துணையாக இருக்கிறதில் யாருக்கு என்ன தகராறு?

இந்தக் கதையை முதலில் கேட்டபோது ஆகா, என்ன மூளை என்றுதான் எனக்குத் தோன்றியது. திரும்பத் திரும்ப யோசித்தபோது வேறொன்று தெரிந்தது. அவர் நினைத்திருந்தால் கேட்டவரைச் சபை நடுவே நார் நாராகக் கிழித்திருக்கலாம். அதற்கு வேண்டிய தமிழ் அவரிடம் இருந்தது. அதைச் செய்யாமல், கேட்டவரும் சேர்ந்து கைதட்டுகிற மாதிரி ஒரு பதிலைக் கொடுத்தார். யாரும் அங்கே தலைகுனியவில்லை. அதுதான் அவருடைய பெரிய வித்தை என்று எனக்குப் படுகிறது.

சிலேடையிலும் அப்படித்தான். ஒரே பாட்டைப் பல கடவுளருக்கும் பொருந்துகிற மாதிரிப் பாடியிருக்கிறார். சிரம், ஆறு, மாறு என்ற சின்னச் சொற்களை வைத்துக்கொண்டு, தலையில் கங்கை ஆறு உடையவன் என்றால் சிவன், ஆறு தலை உடையவன் என்றால் முருகன், தலை மாறியவன் என்றால் பிள்ளையார் என்று விரித்துக்கொண்டே போய், தாம் வணங்கும் அல்லாவையும் அதே பாட்டில் அடக்கியிருக்கிறார். இந்த மாதிரிப் பாட்டுப் பாட இலக்கணம் மட்டும் தெரிந்தால் போதாது. அடுத்தவன் வீட்டுச் சாமியையும் மரியாதையோடு படித்திருக்க வேண்டும்.

கடைசிக் காலம்

நாட்டு விடுதலைப் போராட்டத்திலும் அவர் பங்கெடுத்துக்கொண்டார். கதர் உடுத்தினார், மேடையேறிப் பேசினார். 1950 பிப்ரவரி 13ஆம் தேதி காலமானார். குடியரசு பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. இந்திய அரசு 2008 டிசம்பர் 31ஆம் தேதி அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. இடலாக்குடியில் ஓர் அரசுப் பள்ளிக்கூடம் அவர் பெயரில் நடக்கிறது. பள்ளிப்படிப்பு முழுசாகக் கிடைக்காதவர் பெயரில் ஒரு பள்ளிக்கூடம்! இதைவிடப் பொருத்தமாக என்ன செய்துவிட முடியும்?

அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர்ப் பலகைதான் எனக்கு அவரை அறிமுகம் செய்தது. ஒரு கல்யாணத்துக்கு நாகர்கோவில் போனவன் அதைப் பார்த்துவிட்டு, யாருங்க இவர் என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, படிச்சவர் மாதிரி இருக்கீங்க, இதுகூடத் தெரியாதா என்கிற தோரணையில் சத்துருக்கன் கதையைச் சொன்னார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அந்தச் சூட்டில்தான் வேறொருவனுடைய முகம் ஞாபகத்துக்கு வந்தது.

கடைசியில் சொல்கிறேன் என்றது

மூன்றாம் வருஷம் நம் டிபார்ட்மெண்ட் விழா. பெற்றோர்களையும் அழைத்திருந்தார்கள். வினாடி வினாவுக்கு நான்தான் குவிஸ் மாஸ்டர். ஒரு நோட்டு நிறையக் கேள்வி சேர்த்து வைத்திருந்தேன். எல்லாம் இங்கிலீஷில். நம் கிளாஸ் பையன் ஒருவன், திருநின்றவூரையும் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறவன், ஒரு குழுவில் இருந்தான். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியம். கணக்கில் எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுவான். அவன் முறை வந்தபோது கேள்வியை வேகமாகக் கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை, திரும்பக் கேட்கச் சொன்னான். நான் அவன் உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டு, அதே மாதிரி பேசிக் காட்டினேன். ஹாலே சிரித்தது. எனக்கு ஒரே குஷி. இன்னொரு தடவையும் பேசிக் காட்டினேன்.

மூன்றாவது வரிசையில் வெள்ளை வேட்டியோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல். அவர் அவனுடைய அப்பா என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். அவன் மேடையில் இருந்து இறங்கி, அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு வகுப்புக்கு வந்தான், பரீட்சை எழுதினான், நல்ல மார்க் வாங்கினான். என்னிடம் மட்டும் பேசவில்லை. இத்தனை சந்திப்பு நடந்திருக்கிறது, ஒன்றுக்கும் அவன் வந்ததில்லை. ஏன் வரவில்லை என்று நண்பர்கள் பேசிக்கொள்ளும்போதெல்லாம் நான் காபி எடுத்துவர நழுவிவிடுவேன்.

பாவலரை மடக்க நினைத்தவருக்குக்கூட மரியாதை கிடைத்தது. பதில் தெரியாத என் நண்பனுக்கு என்னிடம் அது கிடைக்கவில்லை. இத்தனைக்கும் கணக்கை அவனிடம் கேட்டுத்தான் நான் பாஸ் பண்ணினேன்.

இந்த வருஷம் எப்படி விளையாடப் போகிறோம்?

பரிசு, பாயிண்ட், எலிமினேஷன் எதுவும் கிடையாது. அவதானத்தையே வீட்டு அளவுக்குச் சுருக்கி வைத்திருக்கிறேன். நூறு வேண்டாம், எட்டும் வேண்டாம், நாலு போதும். ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவர் நடுவில் உட்காருவார். பிள்ளைகளில் ஒருவர் அவர் முதுகில் புளியங்கொட்டை போடுவார். இன்னொருவர் மணி அடிப்பார். மூன்றாமவர் ஊர்ப் பெயர் ஒன்றின் எழுத்துகளை இடம் மாற்றிச் சொல்வார். திருமுல்லைவாயில், பட்டாபிராம் என்று கொஞ்சம் நீளமாக இருந்தால் ருசியாக இருக்கும். நாலாமவர் கதை கேட்பார்: முதல் நாள் காலேஜுக்கு எப்படி வந்தீர்கள், யார் டிபனைத் திருடித் தின்றீர்கள் என்கிற மாதிரி. கதையையும் சொல்லிக்கொண்டு, கொட்டையையும் மணியையும் எண்ண வேண்டும். வீட்டில் நாலு பேர் கூடும்போதும் இதை ஆடிப் பாருங்கள். பைசா செலவில்லை.

இரண்டே விதி. கேள்வி, பதில் சொல்கிறவருக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் சேர்ந்து சிரிக்கலாம், ஆளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. தாத்தா பாட்டி முதல் யூ.கே.ஜி. குழந்தை வரை யாரும் உட்காரலாம்.

நடுவில் முதலில் உட்காரப் போகிறவன் நான். திருநின்றவூர் நண்பனுடைய விலாசம் சங்கத்தின் பதிவேட்டில் இருக்கிறது. இந்த மலரின் ஒரு பிரதியை அவனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். டேய், நீ வரணும். வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா. அன்றைக்குச் செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். எல்லோர் முன்னாலும் செய்த தப்பு என்பதால் எல்லோரும் படிக்கிற இடத்தில் கேட்கிறேன். என் முதுகில் முதல் புளியங்கொட்டையை நீயே போடு. கணக்குக் கேள்வியாகவே கேள். எப்படியும் நான் தப்பாகத்தான் சொல்வேன்.

எல்லோரும் குடும்பத்தோடு வாருங்கள். சந்திப்போம்!

— 1991–94 அணி மாணவன்